மாறாதவற்றின் கணக்கு

நேற்றுப் பச்சையாக இருந்த இலை இன்று மஞ்சளாகிவிட்டது. பேச்சில் இதற்கு ஒரு சிக்கலும் இல்லை. அளவையியலில் எழுதிப் பார்த்தால்தான் இடிக்கும். ‘இலை பச்சை’, ‘இலை பச்சை அன்று’ என்று இரண்டு கூற்றுகள், இரண்டுமே மெய். ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து மெய்யாக முடியாது என்பது அந்தத் துறையின் அடிப்படை விதி. ஆகவே மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இலை உண்மையில் மாறவில்லை, அல்லது விதி தவறு, அல்லது கூற்றில் எதையோ எழுதாமல் விட்டுவிட்டோம். பார்மெனிடீஸ் மாற்றத்தையே மறுத்தார். இயக்கம் என்பதே கண்ணெதிரே நிற்கும் முரண்பாடு என்று கருதிய ஹெகல் இரண்டாம் பக்கம் சாய்ந்தார். மூன்றாவது வழியைத் திறந்தவர் அரிஸ்டாட்டில். ஒரு பண்பு ஒரு பொருளுக்கு ஒரே வேளையில், ஒரே வகையில் இருக்கவும் இல்லாமல் இருக்கவும் முடியாது என்று அவர் விதியை வகுத்தார். மாற்றத்துக்கான இடம் முழுவதும் ‘ஒரே வேளையில்’ என்ற அந்த நிபந்தனைக்குள் இருக்கிறது. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நிபந்தனையை எப்படி எழுதுவது என்பதற்காகத்தான் சண்டையிட்டிருக்கிறார்கள்.

அந்தச் சண்டையின் வரலாற்றைத் தொடர்ந்து படிக்கும் எவருக்கும் ஒன்று உறைக்கும். வேறுபாட்டைச் சொல்ல அளவையியல் திணறியதே இல்லை. ஒரு மறுப்புக்குறி போதும். மாறாமல் நின்றது எது என்று சொல்லவேண்டிய இடத்தில்தான் அது ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டது. தத்துவவாதிகளும் கணினிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே இதே இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார்கள் என்பது என் வாதம்.

நவீனக் குறியீட்டு அளவையியல் கணிதத்துக்காகப் பிறந்தது. 1879இல் ஃபிரெகெ அதன் அடித்தளத்தை வெளியிட்டபோது அவர் மனத்தில் இருந்தவை எண்கள். ஏழு பகா எண் என்பது நேற்று மெய்யாகி நாளை பொய்யாகிற சங்கதி அன்று. இலையைப் பற்றிய கூற்றையும் இதே அச்சில் வார்க்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. பேசும் வேளையையும் கூற்றுக்குள் சேர்த்துவிட்டால் அது முழுமை பெறும். முழுமை பெற்ற எண்ணம் என்றைக்கும் மெய், இல்லையேல் என்றைக்கும் பொய். காலம் இப்படித்தான் அளவையியலுக்குள் ஒரு முகவரியாக நுழைந்தது.

அந்த முகவரியை வைத்துக்கொண்டு 1903இல் ரஸ்ஸல் மாற்றத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். ஒரு பொருளையும் ஒரு கணத்தையும் பற்றிய கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கணத்தை மட்டும் மாற்றி இன்னொரு கூற்று எழுதுங்கள். ஒன்று மெய், மற்றது பொய் என்றால் பொருள் மாறியிருக்கிறது. அவ்வளவுதான். இயக்கமும் அப்படியே: இந்தக் கணத்தில் இங்கே, அந்தக் கணத்தில் அங்கே. ‘நகர்ந்துகொண்டிருத்தல்’ என்று ஒரு கணத்துக்குள் அடங்கிய நிலை எதுவும் கிடையாது. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில்தான் இருக்கிறது என்று ஜீனோ சொன்னதை ரஸ்ஸல் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அதனால் அம்பு நகரவில்லை என்ற முடிவை மட்டும் தள்ளினார். இதைவிடச் சிக்கனமான வரையறை இன்றுவரை வரவில்லை. இயற்பியலும் கணினியியலும் இதை வைத்துத்தான் பிழைக்கின்றன.

ஆனால் இந்த வலையின் கண்கள் மிகப் பெரியவை. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில், இளைஞன் தியேட்டட்டஸ் வளர்ந்துவிட்டால் தான் சற்றும் குறையாமலே அவனைவிடக் குட்டையாகிவிடுவதை சாக்ரடீஸ் எடுத்துப் பேசுகிறார். ரஸ்ஸலின் இலக்கணப்படி சாக்ரடீஸ் மாறிவிட்டார். சாக்ரடீஸ் சிறையில் இறந்த அதே கணத்தில், எங்கோ இருந்த அவர் மனைவி விதவையாகிறார். அவரிடமும் ரஸ்ஸல் கணக்கில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. பீட்டர் கீச் இந்த வகைக்குக் கொஞ்சம் கிண்டலாகக் ‘கேம்பிரிட்ஜ் மாற்றம்’ என்று பெயரிட்டார். ரஸ்ஸலும் மெக்டேகர்ட்டும் அந்தப் பல்கலைக்கழகத் தத்துவவாதிகள். உண்மையான மாற்றத்தை இதிலிருந்து பிரித்தெடுக்க ஓர் அளவையியல் சூத்திரம் கிடைக்குமா என்று கீச்சும் தேடினார், கிடைக்கவில்லை. பொருளின் உள்பண்பு எது, வெளியுறவு எது என்ற பழைய மெய்யியல் கேள்விக்கே திரும்பவேண்டியிருந்தது.

மெக்டேகர்ட்டின் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. என் பார்வையில் அதுவே ஆழமானது. 1908இல் ‘மைண்ட்’ இதழில், காலம் உண்மையன்று என்று அவர் வாதிட்ட கட்டுரை பலருக்குத் தெரியும். ரஸ்ஸலுக்கு அவர் பின்னாளில் சொன்ன பதில் அவ்வளவு பேசப்படுவதில்லை. கிரீன்விச் தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வடக்கில் ஓர் அட்சரேகையில் அது பிரிட்டனுக்குள் இருக்கிறது. தெற்கே இன்னொன்றில் இல்லை. ஒரே பொருள், ஒரே கூற்று, முகவரி மட்டும் வேறு. ஒன்று மெய், மற்றது பொய். தீர்க்கரேகை மாறிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? இடத்தில் வேறுபாடு இருப்பதும் காலத்தில் மாற்றம் நிகழ்வதும் ஒன்றென்றால், உலகில் வேறுபாடு மட்டுமே உண்டு, மாற்றம் இல்லை என்று ஆகிவிடும். ரஸ்ஸலின் முகாம் இதற்கு முழுமையான பதிலைச் சொல்லிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

பதில் நியூசிலாந்திலிருந்து வந்தது. மாஸ்டர்டன் ஊரில் 1914இல் பிறந்து, கிரைஸ்ட்சர்ச்சில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆர்தர் பிரயர், காலத்தை முகவரியாக்குவதையே கைவிட்டார். ‘இலை பச்சை’ என்பது அவருக்கு முழுமையான கூற்று. அது இப்போது மெய்யாக இருக்கலாம், பிறகு பொய்யாகலாம். அதன் முன்னால் செயற்குறிகள் வரும்: ஒருகாலத்தில் மெய்யாக இருந்தது, ஒருகாலத்தில் மெய்யாகும், இதுவரை எப்போதும் மெய், இனி எப்போதும் மெய். வினைச்சொல்லில் நாம் அன்றாடம் செய்கிற வேலையை அவர் குறியீட்டுக்குள் கொண்டுவந்தார். 1956இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய ஜான் லாக் சொற்பொழிவுகள் மறுவருடம் நூலாயின. அதைப் படித்துவிட்டு 1958இல் அவருக்குக் கடிதம் எழுதிய 17 வயது சால் கிரிப்கி, எதிர்காலம் ஒரே கோடாக இல்லாமல் மரமாகக் கிளைக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். நாளை கடற்போர் நடக்கும் என்பது இன்றே மெய்யா என்று அரிஸ்டாட்டில் விட்டுச்சென்ற புதிருக்கு, கிளைக்கும் காலம் ஒரு துல்லியமான மேடையைத் தந்தது.

காலத்தின் இயல்பே இந்த அமைப்பில் கூற்றுகளாக மாறிவிடுகிறது என்பது பிரயரின் பெரிய பரிசு. ‘மெய்யாகும் எதுவும் ‘மெய்யாகும்’ என்றும் ஆகும்’ என்ற விதியை ஏற்றால், எந்த இரண்டு கணங்களுக்கு இடையிலும் இன்னொரு கணம் உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிறது. ஏற்காவிட்டால், காலம் படிப்படியாகத் தாவலாம். அவருக்குத் தத்துவக் காரணமும் இருந்தது. பரீட்சை முடிந்ததும் ‘அப்பாடா, முடிந்தது’ என்கிறோம். பரீட்சை இன்ன தேதியில் முடிகிறது என்ற செய்தி ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். அந்த நிம்மதி அந்தச் செய்தியைப் பற்றியது அன்று. 1959இல் அவர் அழுத்தமாக எழுதிய வாதம் இது.

பின்லாந்தின் ஃபான் ரைட் இன்னும் எளிய இடத்தில் தொடங்கினார். எளிமை காரணமாகவே பலர் அவரைக் கடந்துபோய்விடுகிறார்கள் என்று தோன்றுகிறது. 1963இல் அவர் வெளியிட்ட நூலில் காலக்கோடு எதுவும் இல்லை. முன்நிலை, பின்நிலை, இடையில் ‘பிறகு’ என்பதற்கு ஒரு குறி. சன்னல் மூடியிருக்கிறது என்ற ஒரே கூற்றை வைத்து நான்கு சாத்தியங்கள் கிடைக்கும்: மூடியது திறக்கிறது, திறந்தது மூடுகிறது, மூடியது மூடியபடி இருக்கிறது, திறந்தது திறந்தபடி இருக்கிறது. நான்கில் இரண்டு மாறாமை. மாற்றத்தின் தருக்கத்தை எழுத உட்கார்ந்தவர் அட்டவணையில் பாதியை மாறாமைக்கு ஒதுக்கியிருக்கிறார்! செயலைப் பற்றிப் பேசும்போது இதன் பலன் தெரியும். காற்று சன்னலைச் சாத்தப் பார்க்கிறது, ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் நடக்கவில்லை. ஃபான் ரைட்டின் கணக்கில் அதுவும் ஒரு செயல்.

முன்நிலைக்கும் பின்நிலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நின்றிருந்த வண்டி நகரத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் அது நிற்கிறதா, நகர்கிறதா? 14ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்ஃபோர்டில் இது சூடான பொருள். முதற்கணம், இறுதிக்கணம் பற்றி வால்டர் பர்லி தனி நூலே எழுதினார். நிற்றலுக்கு இறுதிக்கணம் உண்டு, நகர்தலுக்கு முதற்கணம் இல்லை என்று ஒரு பக்கமாக வெட்டிவிடலாம். வெட்டு ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். 1987இல் கிரஹாம் பிரீஸ்ட், வெட்டவே வேண்டாம், அந்தக் கணத்தில் இரண்டும் மெய் என்று துணிந்து எழுதினார். ஒரு முரண்பாட்டிலிருந்து எல்லாமே பின்தொடர்ந்து எல்லாக் கூற்றும் மெய்யாகிவிடாதபடி தடுக்கும் அளவையியல் அமைப்புகள் அதற்குள் வந்துவிட்டதால், அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. இயக்கத்துக்கு அத்தனை பெரிய விலை தேவையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. எங்கே வெட்டுவது என்பதில் தன்னிச்சை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு போவது மலிவான வழி.

இத்தனையும் தத்துவ அறைகளுக்குள் நடந்த பேச்சு. 1969இல் ஜான் மக்கார்த்தியும் பேட்ரிக் ஹேய்ஸும் செயற்கை அறிவுக்காக ஒரு கட்டுரை எழுதியபோதுதான் மாறாமையின் சுமை எத்தனை என்பது வெளிப்பட்டது. இயந்திரம் ஒன்று தன் செயல்களின் விளைவை அளவையியல் கொண்டு ஊகிக்க வேண்டும். ஒருவர் இன்னொருவருடன் தொலைபேசியில் பேச முடியும் என்று நிறுவுவது அவர்கள் எடுத்த உதாரணங்களில் ஒன்று. அவரிடம் தொலைபேசி இருக்கிறது, புத்தகத்தில் எண்ணைத் தேடுகிறார், எண்ணைச் சுழற்றுகிறார். நிறுவல் நடுவழியில் நின்றுவிட்டது. எண்ணைத் தேடிய பிறகும் அவரிடம் தொலைபேசி இருக்கிறது என்று எந்த விதியும் சொல்லவில்லை! அதையும் தனியாக ஒரு விதியாக எழுதவேண்டியதாயிற்று.

நமக்குச் சிரிப்பு வரும். அளவையியலுக்கு வராது. எழுதாத எதையும் அது அனுமானிக்காது. அந்தக் கண்டிப்புதான் அதன் பலமும். 100 செயல்களும் 1,000 பண்புகளும் கொண்ட சிறு உலகத்தில், இந்தச் செயல் இந்தப் பண்பைத் தொடாது என்று சொல்லவே ஏறக்குறைய 1 லட்சம் விதிகள் வேண்டும். இதைத்தான் சட்டகச் சிக்கல் என்கிறார்கள். ஒரு செயலால் மாறுவது கைவிரலில் அடங்கும். மாறாதது மீதி உலகம் முழுவதும்.

முதலில் தோன்றிய தீர்வு இயல்பானது: மாறியதற்குக் காரணம் இல்லாதவரை எதுவும் மாறவில்லை என்று கொள். வேறு தகவல் வரும்வரை பொதுநிலையை நம்பும் தருக்கத்தை 1980இல் ரே ரெய்ட்டர் வகுத்தார். மாற்றங்களின் எண்ணிக்கையை இயன்றவரை குறை என்று மக்கார்த்தி தம் வழியில் சொன்னார். ஸ்டீவ் ஹாங்க்ஸும் ட்ரூ மெக்டெர்மட்டும் ஒரு சின்னக் கதையால் இரண்டையும் ஆட்டம்காண வைத்தார்கள். ஃபிரெட் உயிரோடு இருக்கிறார். துப்பாக்கியில் குண்டு போடுகிறோம், சற்றுக் காத்திருக்கிறோம், சுடுகிறோம். ஃபிரெட் இறந்தார் என்பது நாம் எதிர்பார்க்கும் முடிவு. ஆனால் காத்திருந்த வேளையில் துப்பாக்கியிலிருந்து குண்டு எப்படியோ மறைந்துபோனது, அதனால் ஃபிரெட் பிழைத்தார் என்பதும் அதே அளவு குறைந்த மாற்றம் கொண்ட கதைதான். இரண்டையும் தராசில் வைத்தால் முள் நடுவில் நிற்கிறது. 1987இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பின் பல வருடங்கள் இந்தத் துப்பாக்கியைச் சுற்றியே போயின. மாற்றங்களை எண்ணுவது வழியன்று, காரணங்களைப் பார்க்க வேண்டும் என்ற புரிதல் மெதுவாக வந்தது. 1991இல் ரெய்ட்டர் தந்த சூத்திரம் அந்தப் புரிதலின் கச்சிதமான வடிவம்: ஒரு செயலுக்குப் பின் ஒரு பண்பு மெய் என்றால், அந்தச் செயல் அதை மெய்யாக்கியிருக்க வேண்டும், அல்லது முன்பே மெய்யாக இருந்து, அந்தச் செயல் அதைப் பொய்யாக்காமல் இருந்திருக்க வேண்டும். பண்புக்கு ஒரு விதி போதும். அதற்கு முன்பே, 1986இல் கோவால்ஸ்கியும் செர்காட்டும் நிகழ்வுகளை முதன்மையாக்கி ஒரு கணக்கை எழுதியிருந்தார்கள். நிகழ்வு ஒரு பண்பைத் தொடங்கிவைக்கும், இன்னொரு நிகழ்வு முடித்துவைக்கும்வரை அது நீடிக்கும்.

‘தொடங்கி முடியும்வரை’ என்ற இந்தப் பேச்சு தமிழ் வாசகருக்குப் புதிதன்று. அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கியிருக்கிறார். நியாய, வைசேடிக மரபு அங்கே இன்மையை நான்காகப் பிரிக்கிறது. குடம் தோன்றும் முன் அதன் இன்மை. உடைந்த பின் அதன் இன்மை. இந்தத் தரையில் குடம் அறவே இல்லாமை. குடம் துணி அன்று என்பது நான்காவது. முதல் இரண்டும் சேர்ந்தால் மாற்றம், நான்காவது வேறுபாடு. மேற்கில் தனித்தனி அத்தியாயங்களாகிப்போன இரண்டும் இங்கே ஒரே தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கின்றன. அதோடு, எந்த இன்மைக்கும் ஓர் இருப்பிடம் வேண்டும் என்று நையாயிகர்கள் வற்புறுத்தினார்கள். இன்னும் வனையாத குடத்தின் இன்மை வெட்டவெளியில் இல்லை, குடம் எதனால் ஆகப்போகிறதோ அதில் இருக்கிறது. மாற்றத்தைச் சொல்ல மாறாத ஒன்றைக் காட்டு என்ற கோரிக்கைதான் இது.

பௌத்தர் அந்தக் கோரிக்கையையே நிராகரித்தார்கள். நீடிக்கும் பொருள் என்று ஒன்றில்லை, கணந்தோறும் அழிந்து பிறக்கும் தொடர் மட்டுமே உண்டு. மணிமேகலையின் 29ஆம் காதையில் வரும் அளவைப் பாடத்தின் வாடிக்கையான உதாரணமும் இதை ஒட்டியது: ஒலி நிலையற்றது, செய்யப்படுவதால், குடம் போல. இதற்கு எதிர்முகாம் நீலகேசி. புத்தரோடும் மொக்கலரோடும் வாதிடும் அந்தச் சமண நூலின் பின்னணியில் உள்ள கொள்கை, எந்தப் பொருளிலும் தோற்றம், கேடு, நிலைபேறு மூன்றும் ஒருங்கே உண்டு என்பது. கணத்துக்குக் கணம் ஆளே வேறு என்றால் செய்தவர் ஒருவர், பயன் நுகர்பவர் இன்னொருவர் ஆகிவிடாதா என்பது சமணர் எழுப்பிவந்த எதிர்ப்பு. ரஸ்ஸலின் கணங்களை நம்புகிறவர்களும் பதில் சொல்லவேண்டிய எதிர்ப்பு அது.

ஏனெனில் ‘அதே பொருள்’ என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. எல்லாப் பண்பிலும் ஒத்தவை இரண்டாக இருக்க முடியாது என்றார் லைப்னிட்ஸ். முற்றிலும் ஒத்த இரண்டு கோளங்கள் தவிர வேறெதுவும் இல்லாத உலகத்தைக் கற்பித்து, அவை இரண்டுதானே என்று 1952இல் மேக்ஸ் பிளாக் கேட்டார். லைப்னிட்ஸின் மறுபாதி, அதாவது ஒன்றே என்றால் பண்புகள் ஒத்திருக்க வேண்டும் என்பது, ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றும். ஆனால் காலத்தோடு அது நேராக மோதுகிறது. திங்களன்று வெறும் களிமண் உருண்டை. செவ்வாயன்று அதே மண்ணால் ஒரு குடம். மண்ணும் குடமும் ஒன்றே என்றால், திங்களன்றும் குடம் இருந்திருக்க வேண்டும். வேறென்றால், ஒரே இடத்தில் இரண்டு பொருள்கள். கீச், ‘அதே’ என்பது தனியே நிற்காது, ‘அதே மண்’, ‘அதே குடம்’ என்றுதான் நிற்கும் என்றார். 1986இல் டேவிட் லூயிஸ், பொருள்களுக்கு இடப்பகுதிகள் இருப்பதுபோலக் காலப்பகுதிகளும் உண்டு, பச்சை ஒரு பகுதிக்கு, மஞ்சள் வேறொரு பகுதிக்கு என்றார். அளவையியல் பழுதின்றி வேலை செய்கிறது. மெக்டேகர்ட்டின் தீர்க்கரேகையும் கூடவே திரும்பி வந்துவிடுகிறது.

கணினியியல் இந்தப் புதிரைத் தீர்க்கக் காத்திருக்கவில்லை. 1977இல் அமீர் ப்னுவேலி, பிரயரின் செயற்குறிகளை நிரல்களுக்குப் பொருத்தினார். இயக்க முறைமை போன்ற நிரல் முடிவதற்காக எழுதப்படுவதில்லை. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ‘முடிவில் சரியான விடை’ என்று அதை அளக்க முடியாது. ‘இரண்டு பேர் ஒருபோதும் ஒரே வேளையில் உள்ளே வர மாட்டார்கள்’, ‘கேட்டவருக்கு எப்போதாவது கிடைக்கும்’ என்ற மாதிரிக் காலக் கூற்றுகளே தேவை. அவருக்கு 1996இல் டூரிங் விருது கிடைத்தது. இத்தகைய கூற்றுகளை இயந்திரமே சரிபார்க்கும் முறையைக் கண்ட கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் 2007இல் கிடைத்தது. 1990 வாக்கில் அந்த முறை 10இன் 20ஆம் அடுக்கு அளவுள்ள நிலைகளைக் கையாளும் தகுதி பெற்றுவிட்டது.

இங்கேயும் மாறாமை பின்வாசல் வழியாக வந்தது. கணினி அமைப்புகளை வரையறுக்க லெஸ்லி லாம்போர்ட் வகுத்த மொழியில் ஒரு செயலை எழுதும்போது, எந்த மாறிகள் ‘மாறவில்லை’ என்று பட்டியலிட்டே ஆக வேண்டும். அதற்கென்று ஒரு சொல்லே அந்த மொழியில் இருக்கிறது. அதோடு, எதுவுமே மாறாத படிகளையும் அவர் தம் அமைப்பில் வேண்டுமென்றே அனுமதித்தார். மணியை மட்டும் காட்டும் கடிகாரத்துக்கு ஒரு வரையறை எழுதுங்கள். மணியும் நிமிடமும் காட்டும் கடிகாரம் அந்த வரையறையை நிறைவேற்றுகிறதா? நிறைவேற்றத்தான் வேண்டும். ஆனால் நிமிடம் நகரும் பெரும்பாலான படிகளில் மணி அசையாது. அசையாத படிக்கு இடமில்லாத தருக்கத்தில் நல்ல கடிகாரமும் தோற்றுப்போகும்.

2000க்குப் பின் ரெனால்ட்ஸும் ஓஹெர்னும் வளர்த்த பிரிப்புத் தருக்கம் சட்டகச் சிக்கலின் பெயரையே ஒரு விதிக்குச் சூட்டியது. ஒரு நிரல்துண்டு நினைவகத்தின் இந்தப் பகுதியை மட்டும் தொடுகிறது என்று நிறுவிவிட்டால், தொடாத மற்ற பகுதியைப் பற்றி முன்பு மெய்யாக இருந்ததெல்லாம் பின்பும் மெய் என்று ஒரே அடியில் எடுத்துக்கொள்ளலாம். அன்று ஃபேஸ்புக் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தின் இன்ஃபர் என்ற பிழைகாணும் கருவி இந்தச் சிந்தனையில் பிறந்தது. நான் படித்தவற்றுள் சட்டகச் சிக்கலுக்கு மிக அழகான விடை இதுதான். அதன் அழகுக்கு ஒரு காரணம் உண்டு: நினைவகம் எண்ணிட்ட அறைகளால் ஆனது. எது எதிலிருந்து வேறு என்பதை வன்பொருள் வடிவமைத்தவரே முடிவுசெய்து கொடுத்துவிட்டார்.

வெளியுலகில் அறைகளுக்கு எண் கிடையாது. காரின் புகைக்குழாயில் யாரோ உருளைக்கிழங்கைத் திணித்துவைத்திருந்தால் கார் கிளம்பாது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். கிளப்பும் செயலின் முன்நிபந்தனைகளில் ‘உருளைக்கிழங்கு இல்லை’ என்பதையும் எழுதுவதா? எழுதத் தொடங்கினால் பட்டியல் முடியாது. எழுதாமல் விட்டால், கார் கிளம்பும் என்று கண்டிப்பான அளவையியலால் நிறுவ முடியாது. ‘வேறு தகவல் இல்லாதவரை’ என்று பொதுநிலையை நம்பினால் ஃபிரெட்டின் துப்பாக்கிக் கதை மீண்டும் உள்ளே வர வழி கிடைக்கிறது. ரெய்ட்டர் தம் சூத்திரத்தில் இதை மறைக்கவில்லை. ஒரு பண்பை மாற்றக்கூடிய காரணங்கள் அனைத்தையும் நாம் பட்டியலிட்டுவிட்டோம் என்ற அனுமானத்தை, அந்தச் சூத்திரம் செல்லுபடியாவதற்கான நிபந்தனையாகவே அவர் வெளிப்படையாக எழுதிவைத்தார்.